கடைசி வளைவு

"இன்னிக்கும் தோத்தீங்கன்னா வீட்டுல சோறு கிடையாது" என்றாள் தாட்சாயினி, மைக்கின் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டே.

ஸ்ரீகரன் சிரித்தான். மாதக்கணக்கில் தோற்கிற மனுஷனுக்குச் சிரிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ!

ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டில், சனிக்கிழமை மாலைதோறும் அவர்கள் வீட்டு ஹாலில்தான் 'பழைய டோக்கன்' பாட்காஸ்ட் நடக்கும். ஸ்ரீகரனும் அவனுடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஸுல்கிஃப்லியும் பேசுவார்கள். டோக்கன் போட்டு ஆடிய வீடியோ கேம், பள்ளிக்கு மட்டம் போட்டுப் பார்த்த டிவி தொடர், கடைசியில் அரசியல்.

இருவரும் வேறு வேறு கட்சி. சண்டை முற்றாமலிருக்க ஒரு விதி வைத்திருந்தார்கள். நேரலையில் பழைய கார் பந்தய கேம் ஒரு ரவுண்டு ஆடுவார்கள். தோற்றவன், மற்றவன் கட்சியைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் வாராவாரம் ஒரே ஆள் தோற்றால்?

"அவங்க பசார் பக்கம் கால்வாயை சுத்தம் பண்ணது நல்லது", "அவங்க எம்.பி. சாவு வீட்டுக்கு முதல் ஆளா வர்றாரு" என்று ஸ்ரீகரன் புகழ்ந்து புகழ்ந்து, சொந்தக் கட்சிக்காரர்களே அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அன்று காலை கிளைத் தலைவர் மோகனராஜ் போனில் கத்தியே விட்டார்.

"தம்பி, எந்தக் கட்சிலா நீ? நானும் இன்னிக்கு கேட்பேன். இன்னொரு தடவை அவங்கள புகழ்ந்தேன்னா கட்சியிலேருந்தே உன் பேரை எடுத்துடுவேன். உங்கப்பா ஆரம்பிச்ச கிளைன்னுகூட பார்க்க மாட்டேன்."

"சரிங்கண்ணே" என்றான் ஸ்ரீகரன், சுவரில் மாலையோடு தொங்கிய அப்பாவின் படத்தைப் பார்த்தபடி. அப்பா விட்டுப்போனதில் அவன் பெரிதாக நினைத்தது அந்தக் கிளை ஒன்றைத்தான். அது தாட்சாயினிக்கும் தெரியும்.

ஸுல்கிஃப்லி வந்து உட்கார்ந்தான். அவள் சூடாகப் பொரித்த வாழைப்பழத் தட்டை நீட்டினாள். இடது கையை நீட்டி வாங்கினான்.

இப்போதெல்லாம் இப்படித்தான். ஜெயித்து ஜெயித்து மரியாதைகூட மறந்துவிட்டது போலிருக்கிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸுல்கி அண்ணே, இன்னிக்கும் இவரு தோத்து உங்கள புகழ்ந்தா, மோகனராஜ் அண்ணன் கேட்டுட்டு கட்சியை விட்டே தூக்கிடுவாராம். தெரியுமா?"

"தாட்சா, சும்மா இரு" என்றான் ஸ்ரீகரன்.

"எதுக்கு சும்மா இருக்கணும்? ஒரே ஒரு வாரம் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவாரு?"

ஸுல்கிஃப்லி கடிக்கப் போன வாழைப்பழத்தைத் தட்டிலேயே வைத்தான்.

"ஏர்கோனை அடைச்சிடு தங்கச்சி. குளிருது" என்றான்.

நேரலை ஆரம்பமானது. பேச்சு, கேலி, அரசியல் எல்லாம் முடிந்து பந்தயம் வந்தது. ஸ்ரீகரனின் சிவப்புக் கார் முதலிலிருந்தே முன்னால் பறந்தது. அப்பாடா, இன்றைக்காவது ஸுல்கிக்குப் புத்தி வந்ததே என்று தாட்சாயினி மூச்சு விட்டாள்.

கடைசி வளைவு வந்தது. எப்போதும் ஸ்ரீகரன் கோட்டை விடுகிற இடம் அதுதான். அன்றும் சிவப்புக் கார் தயங்கியது. நீலக் கார் முந்திக்கொண்டு போனது.

போய், எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது.

சிவப்புக் காரும் பின்னாலேயே நின்றது.

"நீ முதல்ல போலா" என்றான் ஸுல்கிஃப்லி.

"நீதான முன்னாடி இருக்கே? நீ போ."

"எனக்கு வேணாம்."

"டேய், லைவ்ல இருக்கோம்டா."

"அதனாலதான் சொல்றேன். போ."

'லைன் போச்சா?' என்று நேயர்கள் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். இரண்டு கார்களும் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல் நின்றன.

தாட்சாயினிக்குப் பொறுமை போயிற்று. பாய்ந்து வந்து, கணவனின் விரல் மேலேயே தன் விரலை வைத்து அழுத்தினாள். சிவப்புக் கார் கோட்டைத் தாண்டியது.

ஸ்ரீகரன் அவளை முறைத்தான். ஜெயித்ததற்குக் கோபப்படும் ஆளை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"தோத்துட்டேன். விதின்னா விதிதான்" என்று ஸுல்கிஃப்லி மைக்கை இழுத்துக்கொண்டான். அதற்கும் இடது கைதான்.

"வேணாம்டா" என்றான் ஸ்ரீகரன் மெதுவாக.

"மோகனராஜ் அண்ணே, கேட்டுக்கிட்டுதான இருக்கீங்க? பாலிக் புலாவ் ரோட்டுல மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்தேனே, அதுல என் வலது கை விரலெல்லாம் மரத்துப் போச்சு. வெளியில சொல்லல. இவனுக்கு மட்டும்தான் தெரியும். விரலை அசைச்சுக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குத்தான் இந்த கேம். ரெண்டு வாரம் தோத்திருந்தா, ஆளை விடுங்கடான்னு போயிருப்பேன்."

தாட்சாயினி தட்டைப் பார்த்தாள். பிறகு அவன் வலது கையைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சின்ன வயசுலேருந்து பார்க்கிறேன். கடைசி வளைவுல இவன் பிரேக் போட்டதே இல்லண்ணே. நான் விழுந்ததிலேருந்து வாராவாரம் போடுறான். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. அதுக்காக உங்ககிட்ட பேச்சு வாங்குறான்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

ஸுல்கிஃப்லி மைக்கை இன்னும் கிட்டே இழுத்தான்.

"சரி, உங்க கட்சியைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லணும்லா. இப்படி ஒருத்தன் அங்க இருக்கான். எங்க கட்சியில இல்ல."