மண் படாத பூட்ஸ்

ஓக் காட்டின் வாசலில் காரின் பின்கதவைத் திறந்துவைத்து பூட்ஸ் மாட்டுகிறேன். தளிர்களின் ஊடே வரும் வெயில் பச்சையாக இருக்கிறது. அடிமரங்களைச் சுற்றித் தரையெல்லாம் நீலப் பூக்கள். எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டுகிறது. நாயோடு வந்த கிழவி ஒருத்தி நின்று, காருக்குள் இருக்கும் இன்னொரு ஜோடி பூட்ஸைப் பார்க்கிறாள். "அது யாருக்குப்பா? மண்ணே படலையே, கண்காட்சிக்கா?" "என் பொண்டாட்டி ஜெம்மாவோடது." "மகாராணி இன்னும் எழுந்திருக்கலையோ? சீக்கிரம் கூட்டிட்டு வா. பத்து நாள்ல பூவெல்லாம் போயிடும்." ஜெம்மா இறந்து ஐந்து மாதமாகிறது. மூன்று வருடம், ஒவ்வொரு மே மாதமும், இங்கே கூட்டிவரச் சொன்னாள். இந்த பூட்ஸையும் அதற்காகவே வாங்கினாள். அவளிடம் அப்போதெல்லாம் சொன்ன பதிலே இப்போதும் சுலபமாக வாயில் வருகிறது. "அடுத்த வாரம் கண்டிப்பா கூட்டிட்டு வரேன்." நாய் ஜெம்மாவின் பூட்ஸுக்குள் மூக்கை விட்டுப் பார்க்கிறது. அதில் யார் வாசனையும் இல்லை. நகர்ந்துவிடுகிறது.