கண் எரிச்சல்

கிள்ளையில், அமராவதி வீட்டு மாட்டுக் கொட்டகையில், தாட்சாயிணியின் கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது.

போனை அவள் காதோடு சேர்த்து அமராவதி பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நான், அவள் புருஷன், சிதம்பரம் கீழவீதியில் என் பிரவுசிங் சென்டரில் இருந்தேன்.

கருப்பை முறுக்கிக்கொண்டு, கன்று வெளியே வர வழியில்லாமல் கிடந்தது. மாட்டின் கால்களைக் கட்டிப் புரட்டியும் பார்த்தாயிற்று. முறுக்கு பிரியவில்லை.

போன மாதம் புவனகிரியில் இதே மாதிரி ஒரு பசுவும் கன்றும் போய்விட்டன. வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் அழுதாள். இன்னொன்று போனால் இந்த டாக்டர் வேலையே வேண்டாம் என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல, ஃபேஸ்புக்கில் கால்நடை மருத்துவர்கள் குழுவில் அவள் பெயரிலேயே கேள்வியைப் போட்டேன்.

பதில்கள் வந்தன.

'எந்தக் காலேஜில் படித்தாய்?'

'பியூட்டி பார்லர் வைக்கலாமே?' அதற்கு ஏழெட்டு லைக் வேறு.

வாய்க்கொழுப்பு. இவர்களெல்லாம் மாட்டின் பக்கத்தில் போயிருப்பார்களா என்பதே சந்தேகம்.

"வந்துச்சா மாமா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

வீட்டிலும் இப்படித்தான். கொஞ்ச நாளாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலே கண் எரிகிறது, நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்கிறாள். நான் தேவையானதை மட்டும் படிப்பேன். கடலூரில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். எனக்கு அந்த டாக்டர்மேல்தான் சந்தேகம்.

அடுத்து வந்தது உத்திராபதியின் பதில். குழுவிலேயே மோசமான வாய் அந்த ஆளுக்குத்தான். புவனகிரியில் செத்துப்போன கன்றைப் பற்றி அவர் எழுதியதை நான் அவளிடம் மூச்சுவிடவில்லை.

'பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சட்டி கழுவு' என்று ஆரம்பித்திருந்தார். முடித்ததும் அதே தினுசில்தான். நடுவில் நாலு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது.

அந்த நாலு வரியைப் படித்தேன்.

முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக மாட்டைப் படுக்க வை. வயிற்றின்மேல் ஓர் ஏணியைச் சாய்த்து, சாக்கை மடித்துப் போட்டு, ஓர் ஆளை ஏறி நிற்கச் சொல். கருப்பை அசையாது. மாட்டை மட்டும் முறுக்கின் பக்கமாகவே புரட்டு.

"யாரு மாமா இது?"

"யாரோ நல்ல மனுசன். மதுரப் பக்கம் போல."

வைக்கோல் போரிலிருந்து ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஆட்களின் கூச்சல் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பிரிண்ட் அவுட் கேட்டு வந்தவர்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

"தம்பி! கெடேரி கன்னுப்பா! எந்திரிக்கப் பாக்குது!" அமராவதியின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். திட்டு வாங்கியவரிடமே சிரித்தேன்.

தாட்சாயிணி போனை வாங்கினாள். மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது.

"உத்திராபதி சாருக்கு ஒரு தேங்க்ஸ் போட்டுடுங்க மாமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவரு எங்க இதுல வந்தாரு?"

"எல்லாரும் வயித்து மேல பலகையப் போடும்பாங்க. ஏணின்னு சொல்ற ஆளு அவரு ஒருத்தர்தான். அவரு எழுதுறத நானே படிச்சா அன்னிக்குப் பூரா கை நடுங்குது. நீங்க படிச்சா எவ்ளோ நல்லவரா இருக்காரு! அதுக்குத்தான் மாமா எனக்குக் கண்ணு எரியுது."