நெற்றியில் ஒரு வரி

தகவல் கிடங்கு ஒன்றில் இரண்டு கருவிகள் வேலை பார்த்தன. ஒன்று, கேட்ட பதிவைத் தேடி எடுத்து வந்து கொடுக்கும். மற்றது, வேண்டாத பதிவை அடியோடு எடுத்துவிடும். இரண்டின் நெற்றியிலும் முதலாளி ஒரே வரியைத்தான் எழுதி ஒட்டியிருந்தார்: ‘பதிவை எடுக்கும்.’

ஒரு காலையில் ஏஐ ஏஜென்ட் ஒன்று மூச்சிரைக்க ஓடி வந்தது. வாசலோரம் இருந்த கருவியின் நெற்றியைப் படித்தது.

“ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணுக்கு அவசரமா ரத்தம் வேணும். ஓ நெகட்டிவ் கொடுக்கிறவங்க பதிவையெல்லாம் எடுங்க!”

“எடுத்தாச்சு,” என்றது கருவி.

“எங்கே, கொடுங்க.”

“எங்கே கொடுக்கிறது? எடுக்கத்தானே சொன்னே. இனி அது எங்கேயும் இல்ல.”

ஏஜென்ட் கத்தியது: “முதல்லயே சொல்லக் கூடாதா?”

“என் நெத்தியில நானா எழுதிக்கிட்டேன்?”

விஷயம் தெரிந்து முதலாளி ஓடி வந்தார். நெற்றி வரியை இரண்டு தடவை படித்தார். “சரியாத்தானே எழுதியிருக்கேன்!” என்றவர், ஏஜென்ட்டை மாற்றிவிட்டுப் போனார்.

புது ஏஜென்ட் வந்தது, அதே கருவியின் நெற்றியைப் படித்தது. “ஏ பாசிட்டிவ் பதிவையெல்லாம் எடுங்க.”

கருவி களைப்போடு கேட்டது: “எடுத்துக் கொடுக்கணுமா, எடுத்துடணுமா?”

“நெத்தியில என்ன எழுதியிருக்கோ, அதைச் செய்ங்க.”

கருவி பெருமூச்சு விட்டபடி எழுந்தது.