ஐந்து தையலுக்குப் பிறகு

சக்கரம் கழற்றிய பழைய கார், ஸ்டாண்டுகளின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நர்ஸ் ஒரு கையால் ஜாக்கியின் கம்பியை அழுத்துகிறாள். இன்னொரு கை மெக்கானிக் புருஷனின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு அழுத்துக்கும் முன்சக்கரத்து ஸ்பிரிங் முனகிக்கொண்டே ஒரு விரல்கடை சுருங்குகிறது. அதன் வளையங்களுக்குள் நுழைத்து வண்டிச் சட்டத்தோடு கட்டிய சங்கிலி தொளதொளவென்று தொங்குகிறது. போன மாதம் சங்கிலி கட்டாமல் ஸ்பிரிங் எகிறி அவன் புருவம் கிழிந்தது; ஐந்து தையலையும் போட்டவள் இவள்தான். அவனுக்கு இருபது வருஷ அனுபவமாம், வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

“மூஞ்சியை நேரா நீட்டாதீங்க. இன்னொரு தடவை கிழிஞ்சா கோணி ஊசியிலதான் தைப்பேன்.”

“காலரை விட்டாத்தானே வேலை நடக்கும்?”

“காலரா வேலை பாக்குது? கையை ஓட்டுங்க.”

ஜன்னல் வெயிலில் புருவத் தழும்பு மினுங்குகிறது. ‘டொக்’கென்று ஸ்பிரிங் தன் குழியில் உட்காருகிறது. அவன் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று நட்டை ஏற்றி முறுக்குகிறான், அது கழலாமலிருக்கப் பூட்டுப்பின் மாட்டுகிறான், சங்கிலியை உருவுகிறான்.

“முடிஞ்சுது. இப்பவாவது விடேன்.”

அவள் அவனுடைய தழும்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறாள்.

“ஜாக்கி இன்னும் இறங்கலியே,” என்கிறாள். காலர் அவள் கையிலேயே இருக்கிறது.