கலசத்துக்கு நேரே

"மூக்க மேல தூக்குக்கா! சாயுது... சாயுது... போச்சு!"

குட்டி விமானம் ஏரிக்குள் காய்ந்து கிடந்த புல்லில் சொத்தென்று விழுந்தது. பரசுராமன் ஓடிப்போய் அதைத் தூக்கக் குனிந்தான்.

"டேய், இஞ்சின்ல கை வைக்காத!"

சரோஜா கத்துவதற்குள் சுட்டுக்கொண்டு விரலை உதறினான்.

"எத்தினி தபா சொல்றது? ஓடி நின்னா ரொம்ப நேரம் கொதிக்கும்டா அது."

வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் சரோஜாவுக்கு வேலை. அங்கே தங்கியிருந்த ஜெர்மன்காரர் அவளுக்கு இதை ஓட்டப் பழக்கினார். ஊருக்குக் கிளம்பும்போது விமானத்தையும் அதை ஓட்டும் ரேடியோ பெட்டியையும் அவளிடமே விட்டுவிட்டுப் போனார். இப்போது அதன் இறக்கைக்குச் செம்மண் நிறம், மூக்குக்கு வெள்ளை.

"பறக்கிறது நல்லாத்தான் பறக்குது. ஒரே எடத்துல நிக்கத்தான் மாட்டேங்குது" என்றாள் சரோஜா. "செங்குத்தா நிறுத்தறேன். வயிறு நம்ம பக்கம் திரும்பிச்சின்னா, இடது வலதாவுது, வலது இடதாவுது. கை கொழம்பிடுது."

"நாளைக்குக் காலைல நின்னாவணுமேக்கா."

நாளைக்கு அவர்கள் பகுதி திரௌபதியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். கருடன் வந்து தலைக்கு மேலே தெரிந்த பிறகுதான் கலசத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். அவர்கள் காலனி ஜனங்களும் இந்த முறை உள்ளே வரவேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, தர்மகர்த்தா சக்கரபாணி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "அம்மனுக்குச் சம்மதம்னா கருடன் வரட்டும். வந்தா அவங்களும் உள்ள வரட்டும். வரலன்னா பழையபடி வெளியதான்."

"சும்மா வட்டம் போட்டா பத்தாதாக்கா?"

"ரெக்கை வெறப்பா இருக்கிறது தெரிஞ்சிடும். கலசத்துக்கு நேரா நிமிந்து நின்னா, கருடாழ்வார் ரெக்கைய விரிச்சிக்கினு நிக்கிற மாதிரியே இருக்கும்."

"சத்தம்?"

"பம்பை அடிச்சி வெடியும் போட்டா, பக்கத்துல பேசறதே கேக்காது."

பரசுராமன் தரையைப் பார்த்தான். "எனக்கு பயமா இருக்குக்கா."

"தர்மகர்த்தாவுக்கா?"

"அம்மனுக்கு. சாமியவே ஏமாத்தறோமே. சோறு எறங்கல, தூக்கம் வரல. உனுக்கு எதுனா ஆயிட்டா?"

சரோஜா இறக்கையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள். "நம்ம அம்மா கல்யாணமாயி வந்ததுலர்ந்து தேங்காய வாசல்லயே குடுத்துட்டு வருது. அது மட்டும் சாமிக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும்... நெசக் கருடன் வந்தா நல்லாருக்கும்."

அவள் விமானத்தைச் சாக்கில் சுருட்டினாள்.

மறுநாள் காலை கோயில் தெருவில் எள் போட்டால் விழாத கூட்டம். காலனி ஜனங்கள் வாசலுக்கு எதிரே கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். சரோஜா பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தாள். பூசாரி குடத்தோடு சாரத்தில் ஏறியதும் மஞ்சள் துண்டை வீசிக் காட்டுவது பரசுராமன் வேலை.

"இன்னாடா இருசப்பா, வானத்தயே பாத்துக்கினு நிக்கிற? கழுத்து வலிக்கல?" என்று சிரித்தார் சக்கரபாணி.

"எங்க தாத்தா காலத்துலர்ந்து இப்படித்தாங்க நிக்கிறோம். பழகிப்போச்சி" என்றார் கயிற்றோரம் நின்ற காலனிக்காரர் இருசப்பன்.

பூசாரி ஏறினார். பரசுராமன் துண்டை வீசினான். பம்பை அதிர்ந்தது, சரவெடி வெடித்தது.

வானம் வெறுமையாக இருந்தது.

"வராதுன்னு அப்பவே சொன்னேன்" என்று சக்கரபாணி திரும்பியபோது, இருசப்பன் அலறினார்: "அதோ! அதோ!"

வெயிலுக்குள்ளிருந்து அது வந்தது. செம்மண் இறக்கை, வெள்ளைத் தலை. கலசத்துக்கு நேர் மேலே இறக்கையை விரித்து நிமிர்ந்து நின்றது. லேசாகச் சாய்ந்தது. பரசுராமன் துண்டை இறுகப் பிடித்தான். மறுபடி நிமிர்ந்து, அசையாமல் நின்றது.

"கோவிந்தா! கோவிந்தா!"

குடம் கவிழ்ந்தது. சக்கரபாணியின் கைகள் தாமாகவே தலைக்கு மேலே குவிந்தன. யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள். தேங்காய்த் தட்டோடு அம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே போவதைப் பரசுராமன் பார்த்தான்.

மொட்டை மாடிக்கு ஓடினான். சாக்கு மூட்டையின் பக்கத்தில் சரோஜா உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா! நிறுத்திட்டியேக்கா!"

"நான் எங்கடா நிறுத்தினேன்? இஞ்சின் கெளம்பவே இல்ல. காத்தாடியச் சுத்திச் சுத்திப் பாத்தேன், பிளக்கு போயிடுச்சி. அழுதுக்கினே மேல பாக்கறேன், அது வந்து நிக்குது."

"அப்ப... நெசக் கருடனா?"

"பின்ன? என்னால அவ்ளோ நேரம் என்னிக்காவது நிறுத்த முடிஞ்சிதா? அம்மனே அனுப்பிச்சிருக்குடா. நாம யாரையும் ஏமாத்தல. இனிமேலாவது வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாத் தூங்கு."

பரசுராமன் விம்மி விம்மி அழுதான். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போலிருந்தது.

"வா, அம்மா உள்ள தேடும்" என்று சரோஜா படியிறங்கினாள்.

பரசுராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்கு மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான்.

சாக்கையும் சட்டையையும் தாண்டி, சுரீரென்று சுட்டது.

ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு மூட்டையை மெதுவாக மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அவள் பின்னால் இறங்கினான்.

"நெசக் கருடன்தான்க்கா" என்றான். "இன்னா அழகா நின்னுச்சி, பாத்தியா!"