தொட்டிக்காரரின் பிள்ளைகள்

சாக்கடை மூடியைக் கொக்கியால் தூக்கியதும் தொட்டிக்காரர் குனிந்து, அத்தரை முகர்பவர் போல ஓர் இழுப்பு இழுத்தார்.

பக்கத்தில் குப்பியோடு நின்ற ஆய்வகப் பெண் முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டாள். உச்சி வெயில்.

ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவருக்குப் பாதி ஆயுசு ஓடிவிட்டது. எந்தத் தெருவில் சோப்பை மாற்றினார்கள், எந்த வீட்டில் சண்டை போட்டுச் சாப்பாட்டைக் கொட்டினார்கள் என்று தண்ணீரே வந்து கோள் சொல்லுமாம். யார் ஊருக்குள் வந்தாலும் அந்த மூக்குக்குத் தப்ப முடியாதாம்.

தொட்டியில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் அவருக்குப் பிள்ளைகள். உலகத்திலேயே பெரிய குடும்பஸ்தர் தான்தான் என்பார். ஒரு சொட்டுத் தண்ணீரில் இருப்பவர்களை எண்ணி முடிப்பதற்குள் கொள்ளுப்பேரன் பிறந்துவிடுவானாம்.

மனைவி போனபின் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். பூட்டைத் திறக்க மனசு வராத சாயங்காலங்களில் தொட்டிக்கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். காற்றுக் குமிழ்கள் 'ம்' கொட்டும்.

கொஞ்ச நாளாகப் பிள்ளைகள் சாப்பிடவில்லை.

தொட்டியில் அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. சர்க்கரைப்பாகு ஊற்றிக் கொஞ்சிப் பார்த்தார். நுண்ணோக்கியில் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடந்தன.

ஆய்வகப் பெண்தான் கண்டுபிடித்தாள். காந்தத்தில் இருக்கும் அருமண் உலோகம். யாரோ பழைய மோட்டார்களை உடைத்து, காந்தத்தை அமிலத்தில் கரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சாக்கடையில் விடுகிறார்கள்.

மூடி மூடியாகத் திறந்து மோப்பம் பிடித்து, இருவரும் இந்தச் சந்துக்கு வந்திருந்தார்கள். இங்கே இருந்தது ஒரே ஒரு தகரக் கொட்டகை. ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே அரவை மிஷின் கிரீச்சிட்டது.

"எவன் பெத்த கழுதையோ! அந்த அப்பன்காரனைச் சொல்லணும்மா மொதல்ல," என்று பல்லைக் கடித்தார் தொட்டிக்காரர்.

செல்போன் அடித்தது. மகன்.

கடல் தாண்டி, பனி பெய்யும் ஊரில் பெரிய வேலை அவனுக்கு. அங்கே டீ வாய்க்குப் போவதற்குள் உறைந்துவிடும், தும்மினால் ஐஸ்கட்டி விழும் என்று சொல்லிச் சொல்லியே, நிலையத்தில் எல்லோருக்கும் ஜலதோஷம் பிடிக்க வைத்திருந்தார். பாவம், லீவுதான் கிடைப்பதில்லை. ஆனால் வாரம் தவறாமல் பேசிவிடுவான். பின்னால் எப்போதும் ஏதோ மிஷின் சத்தம். பனியை வழிக்கிற வண்டி என்று இவராகவே முடிவு செய்திருந்தார்.

அவர் போனை எடுக்கவும் கொட்டகையில் அரவை நின்றது.

"அப்பா, இங்க செம குளிருப்பா," என்றது போன்.

அதையே ஷட்டருக்கு அடியிலிருந்தும் ஒரு குரல் சொன்னது. ஒரு நொடி முந்தி.

தொட்டிக்காரர் மெல்லக் குனிந்து பார்த்தார். ஈரத்தரையில் ரப்பர் செருப்பு. அமிலம் பட்டு வெளுத்த விரல்கள். இடது சுண்டுவிரல் மட்டும் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்திருந்தது.

அது அவர் குடும்பத்துக் கால்.

அவர் எதிர்ச்சுவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காதை மூடிக்கோப்பா. பனி உனக்கு ஆகாது."

போனை வைத்தார்.

"யாரு சார்?" என்றாள் ஆய்வகப் பெண்.

"பையன்மா. ரொம்ப தூரத்துல இருக்கான்."

அவள் கையிலிருந்த குப்பியை வாங்கி, தானே தண்ணீரை மொண்டு, மூடியைத் திருகி நீட்டினார். பிறகு ஷட்டரைக் கை காட்டினார்.

"இந்தக் கொட்டகைதான். எழுதிக்கோ."

வெயில் மண்டையைப் பிளந்தது. தொட்டிக்காரர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.