லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்

கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடக்கிறது. மனைவி அடுக்கும் புடவைகள்மேல் மாலை வெயில் ஜன்னல் கம்பிகளைக் கோடாகப் போடுகிறது. அறை வாசலில் நிற்கும் உளவுத்துறைக்காரர் இந்த வீட்டைப் பொறுத்தவரை தண்ணீர்ப் பம்பு விற்பவர். போகாத ஊரின் மழையைக்கூட வர்ணித்து நம்பவைத்தவர். மகளின் பள்ளிக் கூட்டத்துக்கு இன்று வராததற்கு மட்டும் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டார்.

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்மா.”

“எந்த மாடியில?”

“அது... நடுவுல.”

“கூட யாரு?”

“யாருமில்ல.”

“போன் என்னாச்சு?”

“சிக்னல் இல்ல.”

“ஒரு பொய்யாவது உருப்படியா சொல்லத் தெரியுதா? யாரு அவ?” என்றபடி பெட்டியின் ஜிப்பை இழுக்கிறாள். அவருக்கு எரிச்சல் தலைக்கேறுகிறது. இப்படியொரு கதையைத் தன்கீழ் வேலை செய்கிறவன் சொல்லியிருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார். தொண்டையைச் செருமுகிறார். முகம் தானாகவே தேவையான சோகத்துக்கு வருகிறது.

“சொல்ல வேணாம்னு நெனச்சேன். எங்க கேஷியருக்கு நெஞ்சுவலி. நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். மூணாவது மாடி, ஜன்னல் ஓரத்துக் கட்டில். கண்ணு முழிச்சதும் என் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.”

அவள் கண் கலங்குகிறது. “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? லிஃப்டாம் லிஃப்ட்டு.” புடவைகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்புகின்றன. ஒன்றை மட்டும் தோளில் போட்டுக்கொள்கிறாள். “கஞ்சி வச்சு எடுத்துக்கறேன். நேர்ல பாத்துட்டு வந்துடலாம், கெளம்புங்க.”

உளவுத்துறைக்காரர் குளியலறைக்குள் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, தன்கீழ் வேலை செய்கிறவனை அழைத்து, போனைக் காதோடு அழுத்துகிறார்.

“மூணாவது மாடி, ஜன்னல் ஓரம்,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார். “இன்னும் அரை மணி நேரத்துல உனக்கு நெஞ்சுவலி.”